ஒப்பிடத் தக்கதை ஒப்பிடல்

2014ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒரு விசாரணை தொடங்கியது. மார்ச் 7 வரை நீண்ட அவ்விசாரணையில் சட்டநூல்களைக் காட்டிலும் புள்ளியியல் அட்டவணைகளே மிகுதியாகப் புரட்டப்பட்டன. சான்றுரைக்க வந்தோருள் உளவியலாளர் இருந்தனர். சமூகவியலாளர், மக்கள்தொகை ஆய்வாளர், பொருளியலாளர், வரலாற்றறிஞரும் இருந்தனர். அவர்கள் முன் நின்ற முதன்மை வினா இது: இரு பெண்களோ இரு ஆண்களோ கூடி வளர்க்கும் குழந்தை, ஆணும் பெண்ணும் கூடி வளர்க்கும் குழந்தையைவிட எவ்வகையிலேனும் குறைவுபடுகிறதா? குறைவுபடக்கூடும் என்றது மிச்சிகன் மாநில அரசு. ஒரே பாலினர் இருவர் மணந்துகொள்வதை 2004இல் தன் அரசமைப்பிலேயே தடைசெய்திருந்த அம்மாநிலம், அத்தடையைக் காக்க முன்வைத்த காரணங்களுள் குழந்தை நலமே தலையாயது.

தன்பாலினத் திருமணத்தைப் பற்றிய சொற்போர்கள் பெரும்பாலும் சமயம், மரபு, உரிமை என்னும் களங்களிலேயே நிகழ்கின்றன. அங்கே ஒருவர் கூற்றை மற்றவர் நிறுத்துப் பார்க்க இயலாது. ஆனால் ‘குழந்தைக்குத் தீங்கு விளையும்’ என்பது நிறுத்துப் பார்க்கத்தக்க கூற்று. பள்ளியில் தேர்ச்சி, மன நலம், நட்பு, நடத்தை ஆகிய ஒவ்வொன்றையும் எண்ணலாம், அளக்கலாம். அக்கூற்றைச் சொன்ன கணமே சொன்னவர் அளவுகோலுக்குக் கட்டுப்பட்டவராகிறார். டெட்ராய்ட் விசாரணைக்குச் சட்ட வரலாற்றில் மட்டுமன்றி அறிவியல் வரலாற்றிலும் இடமுண்டு என்று நான் கருதுவது இதனாலேயே.

வழக்கு மணத்தில் தொடங்கவில்லை, தத்தில் தொடங்கிற்று. ஏப்ரல் டிபோயர், ஜெய்ன் ரௌஸ் இருவரும் செவிலியர். டெட்ராய்ட்டை அடுத்த ஹேசல் பார்க்கில் ஓர் இல்லத்தில் வாழ்ந்த இணையர். பெற்றவர்களால் வளர்க்க இயலாது போன மூன்று குழந்தைகளை அவர்கள் ஏற்று வளர்த்தனர். அன்றைய மிச்சிகன் சட்டப்படி தனி ஒருவர் தத்தெடுக்கலாம்; மணமானவர்கள் சேர்ந்து தத்தெடுக்கலாம்; மணமாகாத இருவர் சேர்ந்து தத்தெடுக்க இயலாது. ஆகவே ஒரே வீட்டின் மூன்று குழந்தைகளுள் இருவர்க்கு ரௌஸும் ஒருவர்க்கு டிபோயரும் தாயென்று பதிவாயிற்று. ஒருவர் இறந்துபட்டால், அவர் பெயரில் இருந்த குழந்தைக்கும் எஞ்சியிருக்கும் மற்றவருக்கும் இடையே சட்டத்தின் பார்வையில் யாதோர் உறவும் இல்லை. 2012 சனவரியில் அவர்கள் வழக்குத் தொடுத்தபோது இக்குறையை நீக்குமாறு மட்டுமே கேட்டனர். நீதிபதி பெர்னார்டு ஃபிரீட்மன்தாம் தடையின் வேர் மணச் சட்டத்தில் இருப்பதைச் சுட்டி, வழக்கை விரித்துத் தொடுக்கலாம் என்றார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ரொனால்டு ரீகன் 1988இல் அமர்த்திய நீதிபதி அவர். வழக்கறிஞர்தம் எழுத்து வாதங்களோடு முடித்துவிட அவர்க்கு வழி இருந்தது. அதனைக் கொள்ளாது, அறிஞர்களை நேரில் வரவழைத்துக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தியே முடிவு காண்பது என்று துணிந்தார்.

குழந்தை வளர்ப்பின் விளைவை அறிய ஒப்பீடு ஒன்றே வழி. ஒப்பீட்டிலோ எதை எதனோடு வைத்துப் பார்ப்பது என்பதே முழு வேலையும். ஆற்றுப் பாசனம் பெற்ற வயலில் ஒரு நெல்லையும் மானாவாரி நிலத்தில் வேறொரு நெல்லையும் விதைத்து, விளைச்சலில் கண்ட வேறுபாட்டை விதையின்மேல் ஏற்றும் உழவர் இல்லை. குடும்ப ஆய்வுகளிலோ இப்பிழை எளிதில் நேர்ந்துவிடுகிறது. ஏனெனில் அங்கே நீர் எது, விதை எது என்பது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இத்துறையில் ஒப்பிடத் தக்கதை ஒப்பிடும் நேர்மையை முதலில் வலியுறுத்தியவருள் ஒருவர் கலிஃபோர்னியாவின் உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் மனநோயாளர் என்பதே அவர் காலத்து மருத்துவ நூல்களின் துணிபு. அத்துணிபுக்கு அடிப்படையாய் இருந்த ஆய்வுகள் யாரைப் பார்த்தன? மருத்துவமனையில் இருந்தோரையும் சிறையில் இருந்தோரையும். ஹூக்கர் இயல்பான வாழ்க்கை நடத்திய 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும், அகவை, கல்வி, அறிவுத்திறன் ஆகியவற்றில் அவர்களுக்கு இணையான 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் தேர்ந்து உளவியல் சோதனைகளுக்கு உட்படுத்தினார். யார் எவர் என்று அறியாத வல்லுநர் மூவரிடம் விடைத்தாள்களைத் தந்தார். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 1957இல் வெளிவந்த அவ்வாய்வு, 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலினின்று நீக்கியதற்கு வித்திட்டவற்றுள் ஒன்று.

குழந்தைகளைப் பொறுத்த வினா இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றங்களில் எழுந்தது. மணமுறிவுக்குப் பின் தாய் ஒரு பெண்ணோடு வாழ்வதாகத் தெரியவந்தால், பிள்ளையை அவளிடமிருந்து பிரித்துவிடும் வழக்கம் எழுபதுகளில் இருந்தது. சூசன் கோலம்பாக்கும் அவர்தம் துணையாய்வாளரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய 27 தாய்மாரின் 37 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. அவர்களை யாரோடு ஒப்பிட்டது என்பதில்தான் அதன் மதிநுட்பம் உள்ளது. தந்தையும் தாயும் பிரியாது வாழும் இல்லத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டிருந்தால், தந்தை பிரிந்த துயரும் வருவாய்க் குறைவும் தாயின் பாலீர்ப்பு என்னும் கணக்கில் ஏறியிருக்கும். ஆய்வாளர், கணவரைப் பிரிந்து தனித்து வாழும் எதிர்பாலீர்ப்புத் தாய்மார் 27 பேரின் 38 பிள்ளைகளை மறுதட்டில் வைத்தனர். இரு தட்டிலும் மணமுறிவு இருந்தது. வேறுபட்டது ஒன்றே ஒன்று. பிள்ளைகளின் மனநலத்திலோ நட்பிலோ பாலின அடையாளத்திலோ குறை எதுவும் அத்தாய்மார் பக்கம் காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான். ஆயினும் முப்பது ஆண்டு கழித்து டெட்ராய்ட்டில் வந்து நின்ற பெரிய ஆய்வுக்கு இல்லாத தெளிவு அதற்கு இருந்தது.

அப்பெரிய ஆய்வு டெக்சஸ் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மார்க் ரெக்னெரஸ் 2012இல் வெளியிட்டது. மாநில அரசின் முதன்மைச் சான்றாளர் அவரே. முதற்பார்வைக்கு அவ்வாய்வு வலிமையுடையதாகவே தோன்றியது. அதுவரை வந்த ஆய்வுகள் பலவற்றின் மெலிவு உண்மையானது: எண்ணிக்கை சிறிது, தாமே முன்வந்த குடும்பங்களே மிகுதி. 1986 முதல் நானெட் கார்ட்ரெல் நடத்திவரும் பெயர்பெற்ற தொடராய்வும் 84 குடும்பங்களோடு தொடங்கியதே. அப்பிள்ளைகள் 17 அகவையில் நாட்டின் பொது அளவைவிடப் பள்ளித் திறனில் மேம்பட்டும் முரட்டு நடத்தையில் குறைந்தும் இருந்ததை 2010இல் அவர் அறிவித்தார். தாமாக முன்வரும் குடும்பம் பெரும்பாலும் செம்மையான குடும்பமாகவே இருக்கும் என்னும் ஐயத்தை அம்முடிவால் தீர்க்க இயலாது. ரெக்னெரஸோ 15,058 பேரிடம் முன்வினவி, 18 முதல் 39 வரை அகவையுடைய 2,988 பேரிடம் விரிவான விடை பெற்றார். நாடு தழுவிய, தற்செயல் தேர்வு முறையில் அமைந்த மாதிரி. தாய்க்கோ தந்தைக்கோ தன்பாலின உறவு இருந்ததாகச் சொன்னோர் 248 பேர். வேலையின்மை, மனச்சோர்வு, அரசு உதவியை நம்பியிருத்தல் முதலிய நாற்பது கூறுகளுள் பலவற்றில் இவர்கள் பின்தங்கியிருப்பதாக அவர் காட்டினார்.

குறுக்கு விசாரணையில் அவிழ்ந்தது அந்த 248 பேர் யார் என்பதே. அவர் கேட்ட வினா, நீங்கள் பிறந்தது முதல் 18 ஆகும் வரை பெற்றோருள் ஒருவர் எப்போதேனும் தம் பாலினத்தவரோடு காதலுறவு கொண்டிருந்தாரா என்பது. ஆம் என்றால் போதும். அவ்வுறவு சில வாரம் நீடித்ததாயினும், பிள்ளை அந்த இணையோடு ஒருநாளும் ஒரே கூரையின்கீழ் வாழவில்லையாயினும், ‘தன்பாலீர்ப்புப் பெற்றோரின் பிள்ளை’ என்றே கணக்கில் ஏறும். தாய்க்கு அத்தகைய உறவு இருந்ததாகக் கூறிய 175 பேருள், பிறப்பு முதல் 18 வரை தாயோடும் அவர் இணையோடும் வாழ்ந்தவர் இருவர். இருவரே. ஏனையோர் பெரும்பாலும் ஆண்–பெண் மணம் முறிந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். பிரிவையும் இடமாற்றத்தையும் கடந்து வந்தவர்கள். இவர்களை அவர் ஒப்பிட்டது யாரோடு? பெற்ற தாயும் தந்தையும் தொடக்கம் முதல் இன்றுவரை பிரியாது மணவாழ்வில் இருக்கும் இல்லங்களின் பிள்ளைகளோடு. ஒரு தட்டில் குலைந்த குடும்பம். மறுதட்டில் குலையாக் குடும்பம். அளக்கப்பட்டது குலைவின் வலி. எழுதப்பட்ட பெயரோ பெற்றோரின் பாலீர்ப்பு. கோலம்பாக் தம் ஐம்பத்து நான்கு தாய்மாரைக் கொண்டு தவிர்த்த பிழையை, மூவாயிரவர்க்கு அருகான மாதிரி முழுமையாகச் செய்துவிட்டது. மாதிரி பெரிதாதலால் பிழை சிறிதாவதில்லை. தவறான ஒப்பீட்டில் எண்ணிக்கை ஏற ஏறத் தவறான முடிவின் உறுதிதான் ஏறுகிறது.

ரெக்னெரஸின் சொந்தத் துறையே அவர் முடிவுகளிலிருந்து தான் விலகி நிற்பதாக விசாரணையின் போது அறிக்கை விட்டது. ஆய்வுக்குப் பொருளுதவி செய்த அமைப்பு எத்தகைய முடிவை எதிர்நோக்கியது என்பதும் மன்றில் ஆவணங்களால் வெளிப்பட்டது. அவருடைய சான்று நம்பத்தக்கதே அன்று, கருதிப் பார்க்கவும் தகாதது என்று ஃபிரீட்மன் தம் தீர்ப்பில் எழுதினார். அறிவியலாளர் ஒருவரைப் பற்றி நீதிபதி இவ்வளவு கடுமையாக எழுதுவது அரிது. பின்னர், 2015இல், சைமன் செங்கும் பிரையன் பவலும் அதே தரவுகளை ஒவ்வொருவராக எடுத்துச் சோதித்தனர். அந்த 248 பேர் சார்ந்த பகுதியில், தன் அகவை 25 என்றும் உயரம் 7 அடி 8 அங்குலம் என்றும் எடை 88 பவுண்டு என்றும் எட்டு முறை மணந்து எட்டுப் பிள்ளை பெற்றதாகவும் விடை தந்த ஒருவர் இருந்தார். 88 பவுண்டு என்பது ஏறத்தாழ 40 கிலோ. இத்தகைய பொய் விடைகளையும், தன்பாலின இணையோடு வாழவே இல்லாதவர்களையும் நீக்கிப் பார்த்தபோது வேறுபாடுகளுள் பெரும்பாலானவை கரைந்துபோயின. ஆயிரக்கணக்கானோர் உள்ள பிரிவில் நான்கு பொய் விடைகள் சுவடின்றி மறையும். இருநூற்றுச் சொச்சம் பேரில் அவை முடிவையே சாய்க்கும். சிறுபான்மையினரைப் பற்றி ஆய்வோர் இரட்டிப்புக் கவனத்தோடு தரவைத் துப்புரவு செய்ய வேண்டியது இதனால்தான்.

பள்ளித் தேர்ச்சி பற்றிய தருக்கம் இதனினும் நுட்பமானது. வாதிகள் பக்கம் சான்றுரைத்த ஸ்டான்ஃபோர்டு சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்டு, 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு, பிள்ளைகள் வகுப்பில் தேங்காது உரிய அகவையில் மேலேறுகின்றனரா என்று பார்த்திருந்தார். பெற்றோரின் கல்வி, வருவாய் ஆகியவற்றைச் சமன்செய்து நோக்குமுன் தன்பாலின இணையர்தம் பிள்ளைகள் மணமானோர் பிள்ளைகளைவிடச் சற்றே பின்னிற்பதாகத் தோன்றிற்று. சமன்செய்தபின் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. விடுதிகளிலும் காப்பகங்களிலும் வாழும் பிள்ளைகளோ மிகவும் பின்தங்கியிருந்தனர். தத்துக்குத் தகுதியற்றவர் என்று ஓர் இணையரைத் தள்ளும் சட்டம், குழந்தையைத் தள்ளுவது அக்காப்பகத்துக்கே என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

மாநில அரசின் சான்றாளர்களாகிய டக்ளஸ் ஆலனும் ஜோசப் பிரைசும் இன்னொருவரோடு சேர்ந்து இம்முடிவை மறுத்து எழுதியிருந்தனர். ரோசன்ஃபெல்டு, ஐந்தாண்டு ஒரே இடத்தில் வாழ்ந்த குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வரம்பை நீக்கி எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தால் வேறுபாடு தெரிகிறது என்பது அவர்கள் கூற்று. தெரியத்தான் செய்யும். ஆனால் அவ்வரம்பு காரணத்தோடு வைக்கப்பட்டது. கணக்கெடுப்பாளர் வந்த நாளில் ஒரு பிள்ளை எவ்வீட்டில் இருந்தது என்பதைத்தான் அத்தாள் சொல்லும். மூன்றாம் வகுப்பில் தேங்கிய பிள்ளை, பெற்றோர் மணமுறிவுக்குப் பின் ஐந்தாம் வகுப்பில் தாயோடும் தாயின் புதிய இணையோடும் வந்து சேர்ந்திருக்கலாம். அத்தேக்கத்தை யார் கணக்கில் எழுதுவது? விளைவுக்குப் பின்னே வந்த வீட்டை விளைவுக்குக் காரணமாக்குவது முறையன்று. ஆலன் தனியே செய்த கனடிய ஆய்வும் இதே இடறலில் சிக்கியது. 2006 கணக்கெடுப்பில் 17 முதல் 22 அகவை வரையுள்ள இளையோரை எடுத்து, தன்பாலின இணையர் வீட்டில் இருந்தோர் மேனிலைப் பள்ளி முடிக்கும் வாய்ப்பு மற்றவர்தம் வாய்ப்பில் ஏறத்தாழ 65 விழுக்காடே என்றார். அவ்விளையோர் எந்த வீட்டில் வளர்ந்தனர் என்பது அவர் தரவில் இல்லை. அன்று எந்த வீட்டில் இருந்தனர் என்பதே இருந்தது.

கணக்கெடுப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்பொருளில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி அது. அமெரிக்கக் கணக்கெடுப்புப் படிவத்தில் ‘மணமாகா இணை’ என்னும் உறவுமுறை 1990இல்தான் இடம்பெற்றது. அவ்வாண்டு ஒரே பாலினர் இருவர் தம்மைக் கணவன்–மனைவி எனக் குறித்திருந்தால், கணக்கெடுப்பு அலுவலகம் பெரும்பாலும் அவருள் ஒருவரின் பாலினத்தைத் திருத்தி ஆண்–பெண் இணையாக்கியது. 2000இல் உறவைத் திருத்தி, அவர்களை மணமாகா இணையர் ஆக்கியது. மனிதர் சொன்ன விடையைச் சட்டத்துக்கு ஏற்ப மாற்றிய பின்னரே எண்கள் ஆய்வாளர் கைக்கு வந்தன.

2010இல் சிக்கல் மறுதிசையில் வந்தது. முதலில் வெளியான எண்ணிக்கைப்படி தன்பாலின இணையர் வீடுகள் 9,01,997. சில மாதங்களில் அலுவலகமே அதனை 6,46,464 எனத் திருத்தியது. எங்கே போயின இரண்டரை இலட்சம் வீடுகள்? அவை ஆண்–பெண் மணமக்கள் வீடுகளே. நாட்டில் அத்தகைய வீடுகள் 5 கோடியே 60 இலட்சத்துக்கு மேல். அவற்றுள் ஆயிரத்தில் ஒன்றில் ஒருவரின் பாலினக் கட்டம் கைதவறிப் பிழையாகக் குறிக்கப்பட்டாலும், ஐம்பத்தாறாயிரம் போலித் தன்பாலின இணையர் தோன்றிவிடுவர். பெருந்தொகையில் நேரும் அற்பப் பிழை சிறுதொகையை மூழ்கடித்துவிடுகிறது. வீட்டார் பெயர்களைக் கொண்டு, எப்பெயர் எவ்வளவு உறுதியாக ஆணையோ பெண்ணையோ குறிக்கும் என்று கணக்கிட்டே அலுவலகம் திருத்தத்தைச் செய்தது. தன்பாலின இணையர் எனக் கணக்கெடுப்பில் பதிவானவருள் கணிசமானோர் உண்மையில் அவ்வாறானவர் அல்லர் என்றால், அத்தரவின்மேல் எழுப்பிய எந்த ஆய்வையும், நமக்கு உவப்பான முடிவைத் தருவதாயினும், கைகூசாது தட்டிப் பார்க்க வேண்டும்.

இவ்வனைத்திலும் ஊடுருவி நிற்கும் பெரும்பிழை ஒன்றுண்டு. மாநில அரசின் வாதம் வீழ்ந்தது அதனால்தான் என்று நான் எண்ணுகிறேன். மணமான ஆண்–பெண் இணையர்தம் பிள்ளைகளோடு, மணமாகாத தன்பாலின இணையர்தம் பிள்ளைகளை ஒப்பிட்டனர். ஏன் இவர்கள் மணமாகாதவர்? மாநிலம் தடுத்ததால். மணம் குடும்பத்துக்கு நிலைபேறு தருகிறது, மருத்துவக் காப்பீடு தருகிறது, இரு பெற்றோரையும் பிள்ளையோடு சட்டத்தால் பிணைக்கிறது. இந்நலன்களை ஒரு சாராருக்கு மறுத்துவிட்டு, மறுப்பால் விளைந்த குறையை எடுத்துக்காட்டி, ஆகவே மறுக்கிறோம் என்பது தடையின் விளைவையே தடைக்குக் காரணமாகக் காட்டுவதாகும். ரோசன்ஃபெல்டு கல்வி, வருவாய் ஆகியவற்றைச் சமன்செய்யலாம். மணத்தைச் சமன்செய்ய எந்தச் சமன்பாட்டாலும் அன்று இயலாது. மிச்சிகனில் மணமான தன்பாலின இணையர் என்று ஒரு பிரிவே இருக்கச் சட்டம் விடவில்லை.

தடைதான் தீங்கு செய்கிறது என்பதற்கும் அளவீடு இருந்தது. அமெரிக்கத் தேசிய உடல்நல ஆய்வு ஒன்றில் 34,653 பேரிடம் 2001–2002இல் ஒருமுறையும் 2004–2005இல் மறுமுறையும் மனநலம் பற்றி வினவியிருந்தனர். இடைப்பட்ட காலத்தில், 2004 தேர்தலில், மிச்சிகன் உட்படப் பல மாநிலங்கள் மணத்தடையைத் தம் அரசமைப்பில் எழுதின. மார்க் ஹாட்சன்பூலர் குழுவினர் இதனை இயற்கையே அமைத்துத் தந்த சோதனையாகக் கொண்டு 2010இல் ஆராய்ந்தனர். தடை எழுதிய மாநிலங்களில் வாழ்ந்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடையோரிடையே மனநிலைக் கோளாறுகள் 36.6 விழுக்காடு ஏறியிருந்தன. தடை எழுதாத மாநிலங்களின் அத்தகையோரிடம் அவ்வேற்றம் இல்லை. ஒரே மனிதரை முன்னும் பின்னும் பார்த்ததால் இவ்வாய்வின் ஒப்பீடு ரெக்னெரஸின் ஒப்பீட்டைவிடப் பன்மடங்கு நேரியது.

2014 மார்ச் 21 அன்று ஃபிரீட்மன் மிச்சிகன் தடையைத் தள்ளினார். அறிவியல் சான்றை நுணுகி எடைபோட்ட அத்தீர்ப்பு, ஓரிடத்தில் அறிவியலுக்கு அப்பாலும் அடி எடுத்து வைக்கிறது. அதுவே அதன் மிகச் சிறந்த பகுதி. பிள்ளைகளின் தேர்ச்சி வருவாயாலும் பெற்றோர் கல்வியாலும் வாழிடத்தாலும் இனத்தாலும் மாறுபடுவது அனைவரும் அறிந்தது. விளைவு சிறந்தவர்க்கே மணம் என்று மாநிலத்தின் வாதத்தை முடிவுவரை கொண்டுசென்றால், செல்வமும் படிப்பும் புறநகர் வாழ்வும் உடைய ஆசிய மரபினர் மட்டுமே மணந்துகொள்ளலாம் என்றாகிவிடும் என்று நீதிபதி எடுத்துரைத்தார். ஏழையின் பிள்ளை தேர்வில் பின்தங்குகிறது என்பதற்காக ஏழைக்கு மணத்தை எவரும் மறுப்பதில்லை. ஆகவே தன்பாலினப் பெற்றோர்தம் பிள்ளைகள் ஒருவேளை சற்றே பின்தங்கியிருந்தாலும் தடை நில்லாது. அறிவியல் இவ்வழக்கில் செய்தது உரிமையை நிறுவும் வேலையன்று. உரிமையை மறுக்கச் சொல்லப்பட்ட காரணம் பொய் என்று காட்டும் வேலை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால், ஒவ்வொரு புதிய ஆய்வு வரும்போதும் மக்கள் தம் இல்லறத்துக்காக அஞ்சி நடுங்க நேரும்.

மறுநாளே ஏறத்தாழ 300 இணையர் மிச்சிகனில் மணந்துகொண்டனர். மேல்முறையீட்டு மன்றம் அன்றே தீர்ப்பை நிறுத்திவைத்தது. நவம்பர் 6 அன்று அம்மன்றம் இரண்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் தடையை மீட்டது. இம்மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் வாக்காளரே, நீதிபதிகள் அல்லர் என்பது அதன் கருத்து. ஒஹையோ, கென்டக்கி, டென்னசி மாநில வழக்குகளோடு சேர்ந்து மிச்சிகன் வழக்கும் உச்ச நீதிமன்றம் சென்றது. 2015 சூன் 26 அன்று ஒபர்கெஃபெல் வழக்கு என்னும் பெயரில் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பாயிற்று: அமெரிக்கா முழுதும் தன்பாலினத் திருமணம் சட்டமாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய அந்தோணி கென்னடி, குழந்தை நலம் என்னும் வாதத்தைத் திருப்பி நிறுத்தினார்: பெற்றோர் மணத்தை அரசு ஏற்க மறுப்பதால் தாழ்வுணர்வையும் நிலையாமையையும் சுமப்பவை குழந்தைகளே என்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் டிபோயரும் ரௌஸும் மணந்துகொண்டனர். மணத்தை நடத்திவைத்தவர் நீதிபதி ஃபிரீட்மன்.

டெட்ராய்ட்டில் இல்லாத தரவு பின்னர் நெதர்லாந்திலிருந்து வந்தது. 2001 ஏப்ரல் 1 முதல் தன்பாலினத் திருமணத்தை ஏற்ற, உலகின் முதல் நாடு அது. அங்கே ஒவ்வொரு குடிமகனும் அரசுப் பதிவேட்டில் உள்ளார். யார் எவ்வாண்டு யாரோடு வாழ்ந்தார் என்பது எழுத்தில் உண்டு. தாமாக முன்வந்தோர் என்னும் ஐயமும், ஒருநாள் நிழற்படம் போன்ற கணக்கெடுப்பின் குறையும் இரண்டும் அங்கே இல்லை. டெனி மஸ்ரெகாய் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, தன்பாலின இணையர் வளர்த்த 2,971 குழந்தைகளையும், ஆண்–பெண் இணையர் வளர்த்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளையும் பிறப்பு முதல் தொடர்ந்தது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் முன்னவர் திட்ட விலக்கத்தில் 0.139 பங்கு மேம்பட்டிருந்தனர். இடைநிலைப் பள்ளி முடித்தோர் அவர்களுள் 4.8 விழுக்காட்டுப் புள்ளி மிகுதி. இதனைக் கொண்டு இரு தாய்மார் வளர்ப்பே சிறந்தது என்று முழங்குவோர் உண்டு. அவர்களும் ரெக்னெரஸ் செய்ததையே மறுபுறத்திலிருந்து செய்கின்றனர். மருத்துவ உதவியாலோ தத்தாலோ குழந்தை பெறும் இணையர்க்குக் குழந்தை தற்செயலாக வருவதில்லை. நெடுநாள் திட்டமிட்டு, பொருள் சேர்த்து, படிப்பு முடித்துப் பெறுகின்றனர். பெற்றோரின் பொருள்நிலையைச் சமன்செய்தால் மேம்பாடு குறைந்துவிடுவதை அவ்வாய்வே காட்டுகிறது. குழந்தையைத் தாங்குவது பெற்றோரின் அன்பும் அவர்தம் இணக்கமும் கையிருப்பும். டெட்ராய்ட்டில் உளவியலாளர் டேவிட் பிராட்சின்ஸ்கி சான்றுரைத்ததும் இதனையே.

நம் நாட்டில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது. மண உரிமை பற்றி ஐவரும் ஒத்த கருத்தினர். பிளவு பட்ட இடங்களுள் ஒன்று தத்து. இந்தியாவில் தனி ஒருவர், தன்பாலீர்ப்பு உடையவராயினும், குழந்தையைத் தத்தெடுக்கலாம். இணையராகத் தத்தெடுக்க வேண்டுமாயின் 2022ஆம் ஆண்டுத் தத்து விதிகளின் 5(3) குறுக்கே நிற்கிறது: ஈராண்டேனும் நிலைத்த மணவாழ்வு உடையவர்க்கே அவ்வுரிமை. மிச்சிகன் சட்டத்தின் அமைப்பும் இதுவே. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் அவ்விதியைத் தள்ளினர். மணமான ஆண்–பெண் இணையர் மட்டுமே குழந்தைக்கு நிலைபேறு தர வல்லவர் என்பதற்கு ஒன்றிய அரசு எத்தரவையும் வைக்கவில்லை என்பது தலைமை நீதிபதியின் கூற்று. பெரும்பான்மை மூவரும் விதியை நிறுத்தினர். அவர்களும் தன்பாலின இணையர் வளர்ப்பில் குறையுடையார் என்று சொல்லவில்லை. மணம் முறிந்தால் குழந்தைக்குப் பிழைப்பூதியமும் காவலுரிமையும் தரும் சட்டங்கள் மணமானோர் குழந்தைக்கே உரியவாக அமைந்துள்ளன, மணமாகாதோர் குழந்தை அக்காப்பின்றி நிற்கும் என்றனர். அந்தக் காப்பு இல்லாமற் போனது மணம் மறுக்கப்பட்டதால். மணத்தை மறுத்ததும் அதே நாளின் அதே தீர்ப்பு. தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கோரிய மனுக்கள் 2025 சனவரியில் தள்ளப்பட்டன. விதி 5(3) அப்படியே இருக்கிறது. இரு தாய்மாரோ இரு தந்தையரோ உள்ள இந்திய வீட்டில் குழந்தை இன்றும் அவருள் ஒருவர் பெயரில் மட்டுமே பதிவாகிறது.